அழுகைக்கு ஒரு கட்டு: இழப்பின் வலியைப் பாட்டாகவும் படமாகவும் ஆக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அப்பத்தா இழவு வீட்டுக்குப் போகும்போது நானும் சின்ன வயதில் கூடவே போயிருக்கிறேன். தெருமுனை வரை மழை இல்லாதது, மிளகாய் விலை, யார் வீட்டில் பெண் பார்க்கிறார்கள் என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டே வருவார். பந்தல் கண்ணில் பட்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வார். உள்ளே உட்கார்ந்திருக்கும் பெண்கள் விலகி இடம் விடுவார்கள். தோளில் கை போட்டு, தலையோடு தலை முட்ட, சாய்ந்து சாய்ந்து ஒரு வரியை எடுப்பார். வீட்டில் நான் ஒருநாளும் கேட்காத குரல் அது. கால் மணி நேரம் போனதும் நிறுத்துவார். மூக்கைச் சிந்திவிட்டு, பக்கத்தில் இருப்பவளிடம் "காலையிலேருந்து ஒரு வாய் காப்பியாச்சும் குடிச்சியாடி?" என்று கேட்பார். அடுத்த ஊர்ச் சனம் வந்து இறங்கியதும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

அப்போது எனக்கு இது நடிப்பாகத்தான் தெரிந்தது. பல வருடம் கழித்து அப்பா இறந்தார். மூன்றாம் மாதம் ஒரு ராத்திரி, போனில் இருந்த அவருடைய வாட்ஸப் குரல் பதிவுகளை ஒன்றுவிடாமல் கேட்டேன். கேட்டுக்கொண்டே நோட்டில் எதையெதையோ கிறுக்கி, விடிகாலை நான்கு மணி வரை அழுதேன். அடுத்த இரண்டு நாள் வேலைக்குப் போக முடியவில்லை. படுத்துக் கிடந்தபோதுதான் அப்பத்தாவின் அந்தக் கால் மணி நேரம் நினைவுக்கு வந்தது. அழுகைக்குள் போகவும் வெளியே வரவும் அவருக்கு வாசல் தெரிந்திருந்தது. எனக்கு உள்ளே போக மட்டும்தான் தெரிந்தது.

ஒப்பாரியிடம் அந்தக் கட்டைக் கடன் வாங்கி, பாடவோ வரையவோ பழகாத ஒருவர் வீட்டிலேயே செய்யக்கூடிய வழி இது. "மனசில் இருப்பதைக் கொட்டித் தீர்த்துவிடு" என்று எல்லோரும் சொல்வார்கள். கொட்டுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கொட்டியது தரையில் கிடக்கும், நாம்தான் மறுபடி அள்ள வேண்டும். கட்டிவைத்தால் தூக்கிக்கொண்டு நடக்கலாம்.

தொடங்கும் முன்

முதல் பதினாறு நாளுக்குள் எதையும் தொடங்காதீர்கள். அப்போது சாப்பிடுவதும் தூங்குவதுமே பெரிய வேலை. காரியம் முடிந்து, வந்தவர்கள் ஊருக்குத் திரும்பி, நாற்காலிக்காரர் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் வீட்டின் வெறுமை தெரியும். இந்த வேலை அப்போதைக்கானது. ஒரு மாதம் கழித்துத் தொடங்கினாலும் சரி, ஐந்து வருடம் கழித்துத் தொடங்கினாலும் சரி.

"எனக்கு வராது" என்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமாலும் கூட்டாளிகளும் 2016இல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். பெரியவர்கள் 39 பேரிடம் களிமண், மார்க்கர், ஒட்டுவதற்கான காகிதம் எல்லாம் கொடுத்து, 45 நிமிடம் விருப்பம்போல எதையாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் எச்சிலை எடுத்து, மன அழுத்தத்தோடு ஏறி இறங்கும் கார்டிசால் அளவைப் பார்த்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன் அனுபவம் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் தெரியவில்லை. 39 பேர் சின்ன எண்ணிக்கைதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் கிடையாது. அதனால் இதை மருந்து என்று சொல்ல மாட்டேன். கை பழகாதவருக்கும் இதில் இடம் உண்டு என்பதற்கு இது போதும்.

வேண்டிய பொருள்கள்: நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா, சில வெள்ளைத் தாள்கள், நுனி மழுங்கிய பென்சில், ஒரு பிடி கோலமாவு, போன். விலை உயர்ந்த நோட்டு வாங்காதீர்கள். தோல் அட்டை போட்ட நோட்டில் அழகாக எழுதத் தோன்றும். நமக்கு அழகு இப்போது வேண்டாம்.

படி 1: வாசல் கட்டுவது

வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு தடவைக்கு இருபது நிமிடம். போனில் அலாரம் வைத்துவிடுங்கள். இருபது நிமிடம் ஆனதும் பாதி வரியில் இருந்தாலும் நிறுத்த வேண்டும். முதல் சில தடவை இது கொடுமையாக இருக்கும். "இப்போதுதான் வருகிறது, விட்டால் போய்விடும்" என்று தோன்றும். போகாது, வியாழக்கிழமை அங்கேயேதான் இருக்கும்.

முடித்ததும் செய்ய வேண்டியதை முன்னாலேயே முடிவு செய்துவையுங்கள். அது கையால் செய்யும் வேலையாக, அந்த அறைக்கு வெளியே நடப்பதாக இருக்க வேண்டும். பருப்பு ஊறவைப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது, கடைக்குப் போய் கறிவேப்பிலை வாங்கி வருவது. நான் துணி மடிப்பேன். அப்பத்தா காப்பியை விசாரிப்பதும் இதே வேலைதான் என்று இப்போது நினைக்கிறேன்.

இப்படி உள்ளே போய் வெளியே வருவதற்குப் படிப்பாளிகள் உலகத்திலும் ஆதரவு உண்டு. நெதர்லாந்தின் உட்ரெக்டில் மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹெங்க் ஷுட்டும் 1999இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். துக்கத்தில் இருப்பவர் கொஞ்ச நேரம் இழப்பின் பக்கம் போகிறார், கொஞ்ச நேரம் அன்றாட வாழ்க்கையின் பக்கம் வருகிறார். இந்த ஊசலாட்டம்தான் ஆறுவதற்கான வழி, ஒரே பக்கம் நின்றுவிட்டால்தான் சிக்கல் என்பது அவர்கள் கருத்து. இழவு வீட்டில் மூக்கைச் சிந்திவிட்டுக் காப்பி கேட்கும் எந்தக் கிழவிக்கும் இது புதிதாக இருக்காது.

இன்னொன்றையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். முடித்த உடனே மனம் லேசாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை நான்கு நாள் தொடர்ந்து, தினம் 15 நிமிடம், வாழ்க்கையின் மோசமான அனுபவத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனம் இன்னும் கனத்துத்தான் போனது. அடுத்து வந்த மாதங்களில், உள்ளத்தைத் திறந்து எழுதியவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. அதே சமயம், துணையை இழந்தவர்களிடம் இதுபோல எழுதச் சொல்லிப் பார்த்த ஆய்வு ஒன்று 2002இல் வெளிவந்தது. அவர்களுக்கு அது பெரிதாக உதவவில்லை. சாவின் துக்கம் எழுதித் தள்ளினால் தீரும் வகையைச் சேர்ந்ததில்லை போலிருக்கிறது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் எழுதுவதைவிடக் கட்டுவதற்கு இடம் அதிகம்.

படி 2: சொல்லுக்கு முன்னால் குரல்

முதல் இரண்டு தடவையும் நோட்டைத் திறக்கவே வேண்டாம். சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்காருங்கள். வாயை மூடி, நீங்கள் பேசும் குரலின் உயரத்திலேயே, ம்ம்ம் என்று மூச்சு தீரும்வரை முனகுங்கள். மூச்சை மெதுவாக இழுத்து மறுபடி. உள்ளங்கையை நெஞ்சில் வைத்தால் அதிர்வு கையில் தெரியும். தொண்டை அடைத்தால் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருங்கள்.

மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாக அடிக்கும், வெளியே விடும்போது சற்று மெதுவாகும். நீளமான முனகல் என்பது நீளமான வெளிமூச்சு. அழும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு 'ஆராரோ' இழுக்கும் தாய்க்குத் தன் படபடப்பும் அடங்குவதற்கு இது ஒரு காரணம்.

அப்புறம் உடம்பை லேசாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள், அப்படி ஆடினால் யாரும் பார்த்துவிடுவார்களோ என்று கூச்சமாக இருந்தால் கதவைத் தாழிடுங்கள். ஆட்டத்தின் வேகம்தான் பின்னால் உங்கள் பாட்டின் தாளம். அதை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, உடம்பு கொடுத்துவிடும்.

படி 3: பொருள்களின் கணக்கு

மூன்றாம் தடவை நோட்டைத் திறங்கள். இறந்தவரைப் பற்றி எழுதாதீர்கள். அவர் தொட்ட பொருள்களை மட்டும் பட்டியல் போடுங்கள். ஒரு வரிக்கு ஒரு பொருள், அதோடு அது இப்போது எங்கே இருக்கிறது என்பது. பாசம், தியாகம், வெறுமை, தெய்வம் போன்ற சொற்களுக்கு இந்தப் பட்டியலில் இடம் இல்லை. கண்ணால் பார்க்கவோ காதால் கேட்கவோ முடிந்தது மட்டும்.

என் பட்டியலின் ஒரு பகுதி: டிவிஎஸ் 50 வண்டிச் சாவி, வாசல் ஆணியில். மூக்குக் கண்ணாடி, அதன் கூட்டுக்குள். நிறுத்தாததால் இன்னும் தினமும் வந்து விழும் பேப்பர். பாதி தீர்ந்த தலைவலித் தைலம். டிபன் டப்பா, இப்போது தம்பி மகளின் பள்ளிப் பையில். காலையில் இருமும் சத்தம், எங்கேயும் இல்லை.

இருபது பொருள் சேரும்வரை வேறு எதுவும் செய்யாதீர்கள். இரண்டு மூன்று தடவை ஆகலாம். பட்டியல் போடுவது சும்மா தயாரிப்பு வேலை மாதிரித் தெரியும். என் அனுபவத்தில் மிக அதிகமாக வேலை செய்தது இந்தப் படிதான். "அப்பா போய்விட்டார்" என்பது எல்லை இல்லாத ஒன்று. தைல டப்பா உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது.

பொருளைப் பிடித்துக்கொண்டு அழும் பழக்கம் நம் மொழியில் பழசு. தலைவன் இறந்தபின் பாடும் பாட்டுக்குக் கையறுநிலை என்று ஒரு துறையே வைத்திருந்தார்கள். புறநானூற்றின் 242ஆம் பாட்டில் குடவாயிற் கீரத்தனார், ஒல்லையூர்ச் சாத்தன் இறந்ததை நேரடியாக அழுது சொல்வதில்லை. இளைஞர் சூடவில்லை, வளை அணிந்த பெண்கள் பறிக்கவில்லை, பாணன் சூடவில்லை, பாடினியும் அணியவில்லை, இப்படி இருக்கும்போது முல்லையே, நீ ஒல்லையூர் நாட்டில் பூக்கவும் செய்கிறாயா என்று செடியைக் கேட்கிறார். பேப்பர் இன்னும் வந்து விழுவதைப் பார்த்து எனக்கு வந்த கோபம் அதே கோபம்தான். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னாலேயே ஒருவருக்கு அது வந்திருக்கிறது என்பதில் ஒரு ஆறுதல், எதனால் என்று சொல்லத் தெரியவில்லை.

படி 4: வரி கட்டுவது

இப்போது பட்டியலில் இருந்து மூன்று பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி, அதுதான் ஒரு கண்ணி. ஒப்பாரியில் இருந்து நாம் எடுத்துக்கொள்ளும் விதிகள் மூன்று.

முதல் விதி, விளி. இறந்தவரைப் பற்றிச் சொல்லக் கூடாது, இறந்தவரிடம் சொல்ல வேண்டும். உயிரோடு இருந்தபோது எப்படிக் கூப்பிட்டீர்களோ அதே சொல்லில். வீட்டில் "ப்பா" என்று கூப்பிட்டிருந்தால் "தந்தையே" என்று எழுதாதீர்கள். அந்தச் சொல் ஒவ்வொரு கண்ணியிலும் அதே இடத்தில் திரும்ப வரவேண்டும். நாக்கு அந்த இடத்தில் தானாகப் போய் உட்காரும். அழுகையில் வரி மறந்துபோனாலும் கூப்பிடுவது மறக்காது.

இரண்டாவது விதி, ஒப்பு. முதல் இரண்டு வரியில் அன்று, அடுத்த இரண்டு வரியில் இன்று. பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடியதாக வரும் புறநானூறு 112, ஐந்தே வரியில் இதை மட்டும்தான் செய்கிறது. அன்றைய மாதத்தின் வெண்ணிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் இருந்தது. இன்றைய மாதத்தின் வெண்ணிலவில் குன்றும் போனது, தந்தையும் இல்லை. நிலா மட்டும் மாறவில்லை. துயரம் என்ற சொல்லே அங்கே இல்லை.

மூன்றாவது விதி, மோனை. இரண்டு வரிகளாவது ஒரே எழுத்தில் தொடங்கட்டும். இது அலங்காரத்துக்கு இல்லை. சரியான எழுத்தைத் தேடும்போது மூளையின் ஒரு பகுதி வேலையில் இறங்கிவிடும். கைத்தொழில்காரரின் கவனம் வந்துவிடும். அழுதுகொண்டே 'சா'வில் தொடங்கும் சொல் தேடுவது வேடிக்கையான நிலைதான், ஆனால் அதில் மூழ்கிச் சாக முடியாது.

நான் முதலில் எழுதியது இது: "அப்பா, நீங்கள் இல்லாமல் வீடே வெறுமையாக இருக்கிறது. ஒவ்வொரு நாளும் உங்கள் நினைவு என்னைக் கொல்கிறது." கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் போடலாம். யாருடைய அப்பாவுக்கும் பொருந்தும். பட்டியலைப் பார்த்துத் திரும்ப எழுதியபோது:

டிவிஎஸ்சு வண்டியில
டிபன்டப்பா மாட்டிவந்த அப்பா – இப்ப
சாவி ஆணியில தொங்குது
சத்தம் மட்டும் வரலையே அப்பா

இரண்டாம் கண்ணி:

கண்ணாடிக் கூட்டுக்குள்ள
கண்ணைக் கழத்திவச்ச அப்பா – இப்ப
பேப்பர்காரன் போட்டுப் போறான்
பிரிச்சுப் படிக்க ஆளில்லையே அப்பா

கவிதைப் போட்டிக்கு அனுப்ப முடியாது. "கண்ணைக் கழத்திவச்ச" எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. மோனைக்காகத் தேடிய சொல், நான் சொல்ல நினைக்காத ஒன்றைச் சொல்லிவிட்டது. மூன்றாம் கண்ணி இரண்டு வாரம் வரவில்லை. வராவிட்டால் விட்டுவிடுங்கள், முதல் இரண்டையே திரும்பத் திரும்பப் பாடலாம். ஒரே கண்ணியை வைத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றிப் போவது நம் நாட்டுப்புறப் பாட்டில் எல்லோரும் செய்வதுதான்.

பேச்சுத் தமிழில் எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பேச்சு எந்த ஊர்ப் பேச்சோ அதில். மட்டக்களப்பில் அழுகிறவர் மதுரைத் தமிழில் அழ வேண்டியதில்லை.

ஒருவேளை, போனவரோடு உங்களுக்கு நல்லுறவே இல்லை என்றால்? அப்படியும் செய்யலாம். ஒப்பாரியில் வசைக்கு எப்போதும் இடம் உண்டு. சொத்தைப் பிரித்துக் கொடுக்காமல் போனவரை, குடித்து அழித்தவரை, பெண்கள் பாட்டிலேயே கேட்டுவிடுவார்கள். இழவு வீட்டில் வைத்துக் கேட்டால் யாரும் தடுக்க முடியாது. அன்று, இன்று என்ற அதே அமைப்பில் கோபத்தையும் வையுங்கள்.

படி 5: மெட்டு

ராகம் தேடி அலைய வேண்டாம். அழுகை என்றால் முகாரி என்று பேச்சு வழக்கே ஆகிவிட்டது. தியாகராஜரோ சபரி பெற்ற பேற்றை வர்ணிக்க முடியுமா என்று வியக்கும் கீர்த்தனையை முகாரியில்தான் போட்டிருக்கிறார். ராகத்துக்குள் துக்கம் பொட்டலமாகக் கட்டிவைக்கப்படவில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். போனில் தம்புரா செயலி ஒன்றை இறக்கி, உங்கள் பேச்சுக் குரலுக்குப் பக்கத்தில் சுருதி வையுங்கள். படி 2இல் முனகிய அதே இடம். அது கீழ்ப்படி. ஒவ்வொரு வரியையும் அதற்கு மூன்று நான்கு ஸ்வரம் மேலே தொடங்கி, இறங்கிக்கொண்டே வந்து, கீழ்ப்படியில் முடியுங்கள். ஒரு வரிக்கு ஒரு மூச்சு. விளிச்சொல் வரும் இடத்தில் மட்டும் இழுங்கள், மூச்சு தீரும்வரை. கையால் தொடையில் தட்டிக்கொள்ளுங்கள், உடம்பு ஆடும் அதே வேகத்தில்.

வேறு ஏதோ சினிமாப் பாட்டின் மெட்டு வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டட்டும். ஒப்பாரி பாடியவர்களும் காதில் கிடந்த மெட்டில்தான் பாடினார்கள்.

படி 6: பதிவு செய்வது

பத்துத் தடவையாவது பாடிய பிறகு, ஒரே ஒரு முறை போனில் பதியுங்கள். மறுநாள் பகலில், ஒரே ஒரு முறை கேளுங்கள். கேட்கும்போது நீங்கள் பாடகராக இல்லாமல் வந்து உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பீர்கள். அந்தக் குரல்மேல் இரக்கம் வரும். தன்மேல் தானே இரக்கப்படுவது வேறு எந்த வழியிலும் எனக்குச் சுலபமாக வந்ததில்லை.

அனுப்புவதில் கவனம். நான் அவசரப்பட்டு என் பதிவைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். முதலில் ஒரு மாமா கட்டைவிரல் காட்டினார். இன்னொருவர் 'சூப்பர் மா, நல்ல குரல் வளம்' என்றார். அப்புறம் யாரோ காலை வணக்கம் ரோஜாப்பூவை அனுப்பினார்கள், பேச்சு அதோடு முடிந்தது. யார்மேலும் தப்பில்லை. இழவு வீட்டில் கேட்க வேண்டியதைப் பல்லைத் தேய்த்துக்கொண்டே கேட்க வைத்தது நான்தான்.

படி 7: படம்

சொல் ஓடாதவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம். பாடியவர்களும் இதைச் செய்யுங்கள். பாட்டு பாடும்போது மட்டும் இருக்கிறது. படம் மேஜைமேல் கிடக்கும்.

இறந்தவரின் முகத்தை வரையாதீர்கள். ஜாடை வராது, வராதது இன்னொரு இழப்பாக வலிக்கும். ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸின் இளைய மகன் பீட்டர், முதல் உலகப் போரில் 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் இறந்தான். அவனுக்கு நினைவுச் சிற்பம் செய்யத் தொடங்கியபோது, கிடக்கும் மகனையும் அதில் வைப்பதாகத்தான் நினைத்திருந்தார். செய்தார், கலைத்தார், விட்டுவிட்டார், திரும்ப எடுத்தார். 1932இல் சிற்பம் முடிந்தபோது அதில் மகன் இல்லை. முழங்காலிட்ட தாயும் தந்தையும் மட்டும், தனித்தனிக் கல்லில், ஒருவரை ஒருவர் தொடாமல். அவர்கள் முகத்தில் கேத்தேயின் ஜாடையும் அவர் கணவரின் ஜாடையும் இருக்கும். மகனை அடக்கம் செய்த மயானத்தில் அவை வைக்கப்பட்டன. 18 வருடம் ஆயிற்று. மூன்று மாதத்தில் ஆறிவிட வேண்டும் என்று உங்களை யாராவது அவசரப்படுத்தினால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, இருப்பதை வரையுங்கள். பட்டியலில் இருந்து ஒரு பொருளை எடுத்து மேஜைமேல் வையுங்கள். தாளைப் பார்க்காமல், பொருளின் விளிம்பை மட்டும் பார்த்துக்கொண்டு, பென்சிலை எடுக்காமல் ஒரே கோடாக வரையுங்கள். கண் எறும்பு வேகத்தில் விளிம்பில் ஊரட்டும், கையும் அதே வேகத்தில். முடிவில் கோணல்மாணலாகத்தான் வரும். அப்பாவின் கண்ணாடியை இப்படி ஏழு தடவை வரைந்தேன். நான்காவது தடவைதான் அதன் இடது காது வளையத்தைச் செம்புக் கம்பி சுற்றிச் சரிசெய்திருந்தது கண்ணில் பட்டது. கடைக்குப் போகாமல் அவரே சுற்றியிருக்கிறார். வருடக்கணக்கில் தினமும் பார்த்த முகத்தில் இருந்த கண்ணாடி.

விரல் ஒத்துழைக்காதவர்கள், மூட்டுவலிக்காரர்கள், வண்ணத்தாளைக் கத்தரித்து ஒட்டலாம். பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1941இல் புற்றுநோய்க்காகப் பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, நின்று வரைய முடியாமல் ஆனபின், வண்ணம் பூசிய தாளைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் படம் செய்தார். அவருடைய மிகச் சிறந்த வேலைகள் சில அந்தக் கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும் இருந்து வந்தவை.

அடுத்து கோலம். துக்க வீட்டில் கோலம் போடுவதில்லை. மறுபடி எப்போது போடுவது என்பதும் வழக்கத்தில் இருக்கிறது. சாவுக்குப் பின் முதன்முதலாக வாசலில் மாவை எடுக்கும் நாள், பல வீடுகளில் யாரும் பேசாமல் கடந்துபோகும் நாள். அந்த நாளைச் சும்மா விடாதீர்கள். தாண்டிவிட்டிருந்தால் உள்ளே தரையிலோ தாளிலோ போடுங்கள். சிறிய புள்ளிக் கோலம், ஐந்துக்கு ஐந்து போதும். சிக்குக் கோலமாக, எந்தப் புள்ளியையும் தொடாமல் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் முடிகிற மாதிரி. ஒரு புள்ளிக்கு ஒரு பொருளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோடு அதைத் தொடாமல் வளைந்து போகும். மறுநாள் காலுக்கடியில் கலைந்துவிடும், திரும்பப் போடலாம். நோட்டைக் கிழிக்க மனம் வராத எனக்கு, கலைவதற்கென்றே ஒன்றைச் செய்வது நல்ல பழக்கமாக இருந்தது.

எப்போது நிறுத்த வேண்டும்

இருபது நிமிடம் முடிந்தும் வெளியே வர முடியவில்லை என்றால், அந்த வாரம் இன்னொரு தடவை வேண்டாம். தூக்கம் கெட்டுக்கொண்டே போனால், அந்தச் சாவுக் காட்சியே கண்முன் திரும்பத் திரும்ப ஓடினால், தனியாக இதைச் செய்யாதீர்கள். விபத்து, தற்கொலை, போர் போன்றவற்றில் இழந்தவர்கள் மனநல ஆலோசகர் ஒருவரின் துணையோடு செய்வதே நல்லது. மாதங்கள் பல கடந்தும் முதல் வாரத்தின் கூர்மையோடே ஏக்கம் நிற்கிறது, எழுந்து வேலை செய்யவே விடவில்லை என்றால், அதற்குச் சிகிச்சை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கம் தனியாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. குறைந்தது ஆறு மாதம் என்பது அவர்கள் சொல்லும் அளவு. சொந்தக்காரர்கள் சொல்லும் "நீ இன்னும் தேறலையா?" என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

செத்துவிடலாம், அவரோடு போய்விடலாம் என்ற எண்ணம் வந்தால் நோட்டை மூடிவிட்டுப் போனை எடுங்கள். இந்தியாவில் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும், தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.

படி 8: இன்னொருவர் முன்னால்

இது கடைசிப் படி. கட்டாயம் இல்லை. ஒப்பாரி பெரும்பாலும் கூடி உட்கார்ந்து பாடுவது, ஒருவர் எடுக்க மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். மட்டக்களப்பில் 1996இல் போரில் சிக்கிய குழந்தைகளுக்காகத் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவிலும் களிமண், கதை, ஓவியம், நாடகம் எல்லாம் கூட்டமாகத்தான் நடந்தன.

ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அதே மனிதரை இழந்தவராக இருந்தால் நல்லது. நேரில் செய்யுங்கள். முன்னாலேயே சொல்லிவிடுங்கள்: "நல்லா இருக்கு, நல்லா இல்லைன்னு எதுவும் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தா போதும்." முடிந்ததும் சாப்பிட ஏதாவது இருக்கட்டும்.

நான் தேர்ந்தெடுத்தது அப்பத்தாவை. பெற்ற மகன் இறந்த அன்று ஊரே பாடியும் அவர் மட்டும் ஒரு வரி எடுக்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. வருடத் திதி முடிந்த சாயங்காலம், கொல்லையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தபோது இரண்டு கண்ணியையும் பாடினேன். கடைசி வரியில் குரல் உடைந்தது. அவர் அழவில்லை. கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

"ஆளில்லையேன்னு ஏண்டி முடிக்கிற?" என்றார். "இல்லேன்னு நமக்குத்தான் தெரியுமே. அவனைக் கேளு. அவனில்ல பதில் சொல்லணும்."

பிறகு என் தோளில் கையைப் போட்டு, தலையை என் தலையோடு முட்டி, சாய்ந்துகொண்டே அந்த வரியை அவரே எடுத்தார்.

"பேப்பர்காரன் போட்டுப் போறான், பிரிச்சுப் படிக்க வாரியா ராசா..."

அப்பா இருந்த இடத்தில் ராசா வந்திருந்தது. நானும் சேர்ந்துகொண்டேன். நான்கைந்து முறை திரும்பப் பாடியிருப்போம். நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, உள்ளே யார் இருக்கிறார்கள், காப்பி போடச் சொல் என்றார்.